குண்டின் குணமறிந்த வேட்டைக்காரர்: சேர் சாமுவேல் பேக்கர்

ஹோட்டன் சமவெளிக்குச் சென்றுவரும் மாணவர்கள் உலகமுடிவைப் பார்த்தபின், காட்டுப்பாதை வழியாக இறங்கிப் பேக்கர் நீர்வீழ்ச்சியின் எதிரே சிறிது நேரம் நின்று, முகத்திலே திவலை படத் திரும்புவது வழக்கம். அந்த அருவிக்குத் தம் பெயரை விட்டுச்சென்றவர் யார் என்று வினவினால், நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்ற ஆங்கிலேயர் என்பர் சிலர். நுவரெலியாவிலே கமஞ்செய்தவர் என்பர் வேறு சிலர். இரண்டும் மெய்யே. ஆயினும், அவர் வாழ்நாள் முழுவதையும் ஒரே நூலிற் கோத்துக் காட்டக்கூடிய செய்தி வேறொன்று உண்டு. எந்த விலங்குக்கு எந்தக் குண்டு தக்கது என்னும் வினாவே அது. 1840 ஆம் ஆண்டிலே, பத்தொன்பது வயது இளைஞராக இருந்தபோது, அவர் இவ்வினாவை எழுப்பினார். 1890 ஆம் ஆண்டிலே, எழுபதை அணுகும் முதியவராக இருந்தபோது, அதற்குத் தம் இறுதி விடையை நூல்வடிவில் அளித்தார்.

ஈயத்தையும் வெடிமருந்தையும் பற்றிய இந்த ஆராய்ச்சி, இலக்கியப் பகுதியிலே பேசுதற்குரிய பொருள்தானா என்று வாசகர் ஐயுறலாம். குண்டைத் தேர்வதென்பது கொல்லனுடைய தொழில்நுட்பம் மாத்திரமன்று. தவறான குண்டு பட்ட விலங்கு வீழ்வதில்லை. அது காயத்தோடு காட்டினுட் புகுந்து, நாட்கணக்காக, சில வேளைகளில் மாதக்கணக்காக, நொந்து மடிகின்றது. ஆகவே குண்டைத் தேர்பவன், தன்னை அறியாமலே ஓர் உயிரின் இறுதி நேரம் எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதையும் தேர்ந்து விடுகின்றான். பேக்கர் இதனைத் தம் சமகாலத்தவர் பலரிலும் தெளிவாக உணர்ந்திருந்தார். அவர் உணராது விட்டதும் ஒன்று உண்டு. இரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி அவரை முழுமையாக அறிதல் இயலாது.

இளமையும் முதற்றுவக்கும்

சாமுவேல் வைற் பேக்கர் 1821 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் பெருஞ் செல்வர். கப்பல் வாணிகமும், யமேக்காவிலும் மொரிசியசுத் தீவிலும் கருப்பந் தோட்டங்களும் உடையவர். பேக்கரோ கந்தோர் மேசையை விரும்பாதவர். பரந்த தோளும் மிகுந்த உடல் வலிமையும் வாய்ந்த அவ்விளைஞர் பள்ளிக்கூடத்திற் கற்றதைவிட வெளியிற் கற்றதே அதிகம் எனலாம்.

அக்காலத்து வேட்டைத் துவக்குகளைப் பற்றி இங்கே ஒரு சொல். கருநிற வெடிமருந்து ஒன்றே அன்று உண்டு. அதனைக் குழலின் வாய்வழியே கொட்டி, அதன்மேல் ஈய உருண்டையை இறுக்கித் திணித்துச் சுடுவர். உருண்டையான ஈயம் காற்றிலே விரைவாக வேகம் இழப்பது. தடித்த எலும்பிற் பட்டாற் சப்பையாகிவிடுவது. குழலின் உட்புறத்திலே சுழிபோலப் பள்ளம் வெட்டிக் குண்டைச் சுழலச் செய்தால் அது குறி தவறாது செல்லும் என்பதை ஆங்கிலேயத் துவக்குச் செய்வோர் அறிந்திருந்தனர். ஆனால் மருந்தைக் கூட்டினால் குண்டு அப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ளாது வழுக்கிவிடும் என அஞ்சி, மிகச் சிறிதளவு மருந்தையே அவர்கள் இட்டு வந்தனர். மானுக்கு அது போதும். யானைக்கும் காட்டெருமைக்கும் போதாது.

பத்தொன்பது வயதுப் பேக்கர் அவ்வச்சத்தை ஏற்கவில்லை. தாமே ஒரு துவக்கை வரைந்து, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரைக் கொண்டு அதனைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். குழலுள்ளே அகன்று ஆழ்ந்த இரண்டு பள்ளங்கள். உருண்டைக் குண்டின் இடையிலே பட்டிபோன்ற ஒரு வரம்பை வார்த்து, அவ்வரம்பு பள்ளங்களுள் அமைந்து செல்லுமாறு செய்தார். ஆகவே மருந்தை எவ்வளவு கூட்டினும் குண்டு வழுக்கிப்போக இடமில்லை. உருண்டைக் குண்டு 3 அவுன்சு. கூம்புக் குண்டு 4 அவுன்சு. மருந்தோ 16 டிராம், அஃதாவது முழுமையாக ஓர் அவுன்சு. தொழிலறிந்தோர் பலர் இது பயனற்ற முயற்சி எனத் தலையசைத்தனர். அத்துவக்கோ பின்னாளில் அவரோடு இலங்கைக் காடுகளுக்கு வந்து, அவர் சொன்னதைச் செய்து காட்டியது.

1843 ஆம் ஆண்டிலே, குளொஸ்ரர்சயர்ப் பகுதி மதகுரு ஒருவரின் புதல்வியாகிய என்றியற்றாவை அவர் மணந்தார். அவருடைய தமையன்தம்பியருள் ஒருவரான யோன் அப்பெண்ணின் சகோதரியை மணந்தார். பின்னர் மொரிசியசுத் தோட்டத்திற் சிலகாலம் இருந்த பேக்கரின் மனம் அங்கே நிலைக்கவில்லை. யானைக்காடு நிறைந்த இலங்கையின் பெயர் அவரை ஈர்த்தது.

மின்னேரியாவிற் கற்ற பாடம்

1840 களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்த பேக்கர், தொடக்க காலத்திலேயே மின்னேரியாக் குளக்கரையில் மறக்கவொண்ணாத பாடம் ஒன்றைக் கற்றார். அக்காலத்தில் மின்னேரியாச் சமவெளி காட்டெருமைக் கூட்டங்களின் இருப்பிடமாய் விளங்கியது. காட்டெருமையின் மூர்க்கத்தையும் உயிர்வலிமையையும் அவர் இன்னும் அறிந்திலர். ஒரு கடாவைச் சுட்டுக் காயப்படுத்தினார், அது வீழவில்லை, எதிர்த்து நின்றது. கொண்டுசென்ற குண்டுகளோ தீர்ந்துபோயின. திறந்த வெளி, ஏறுதற்கு அருகில் மரமும் இல்லை. சட்டைப் பையைத் துழாவினார். சில்லறைக் காசுகள் அகப்பட்டன. சட்டைத் துணியிலே ஒரு துண்டைக் கிழித்து, காசுகளை அதிற் பொதிந்து, இரட்டிப்பு மருந்தின்மேல் இட்டுக் குழலை நிரப்பினார். பாய்ந்து வந்த எருமையின் தலையிலே, குழலின் வாய் ஏறக்குறையத் தொடும் நெருக்கத்தில், அச்சில்லறையைச் சுட்டார். எருமை அறிவு கலங்கி வீழ்ந்தது, இறக்கவில்லை. அது மீண்டும் எழுமுன் அவரும் உடன்வந்தவரும் ஓடித் தப்பினர்.

வேடிக்கைக் கதைபோலத் தோன்றும் இந்நிகழ்ச்சியிலே பேக்கரின் பிற்காலக் கொள்கை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. வேகமும் ஓசையும் ஒரு விலங்கைத் திகைக்க வைக்கலாம். உயிர்நிலையைச் சென்று தொடும் நிறையும் உறுதியும் இல்லாதபோது, அவை அதனைக் கொல்வதில்லை. கொல்லாத காயம் விலங்குக்கும் கேடு, வேட்டைக்காரனுக்கும் கேடு. அதன்பின் அவர் இலங்கையிற் கையாண்டவை யாவும் கனத்த துவக்குகளே. தோளுக்கு அவை பெருஞ் சுமை; பின்னுதைப்பும் கடுமை. எனினும் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இலங்கை யானையை அவர் சுட்ட முறையும் இங்கே குறிப்பிடத்தக்கது. நெருங்கி வரும் யானையின் நெற்றியிலே, மூளைக்கு நேராக, மிக அண்மையில் நின்று ஒரே குண்டால் அதனை வீழ்த்துவதே அவர் கைக்கொண்ட முறை. யானையின் மண்டையோடு திண்ணிய எலும்பன்று. தேனடைபோலக் கண்ணறைகள் மலிந்தது. அதனுள்ளே, பெருத்த தலையின் ஒரு சிறு பகுதியில், மூளை ஒதுங்கிக் கிடக்கின்றது. குண்டு சற்றே விலகினாலும், எலும்பிற் பட்டுத் தட்டையானாலும், யானை அசையாது. இதனாலேயே குறியும் குண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்று அவர் கண்டார்.

நுவரெலியாக் குடியேற்றம்

காட்டிலே காய்ச்சலாற் பீடிக்கப்பட்டு உயிருக்கு மன்றாடிய பேக்கர், 1847 ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்குச் சென்று உடல் தேறினார். அங்கே வீசிய குளிர்காற்று அவருக்குத் தாய்நாட்டை நினைவூட்டியது. இங்கிலாந்து திரும்பி, அடுத்த ஆண்டே ஒரு சிறு குடியேற்றக் கூட்டத்தோடு மீண்டார். கமக்காரர், கொல்லர், உழுகருவிகள், உயர்ந்த இனப் பசுக்கள், ஆடுகள், வேட்டைநாய்கள் எனப் பலவும் அக்கப்பலில் வந்திறங்கின. பிற்காலத்தில் படைத்தலைவராய்ப் பெயர்பெற்ற அவர் சகோதரர் வலன்ரைனும் அக்குடியேற்றத்தோடு தொடர்புடையவரே.

தொடக்கம் துன்பமாகவே இருந்தது. இறம்பொடைக் கணவாயில் வண்டி உருண்டு நொறுங்கியது. மண் எதிர்பார்த்த வளம் தரவில்லை. உருளைக்கிழங்கைப் புழுவும் விலங்கும் அழித்தன. உழவுக்கு யானையை அவர் பழக்கினார். ஒருபுறம் காட்டுக்குச் சென்று யானைகளைச் சுட்டு வீழ்த்திய அதே மனிதர், மறுபுறம் தம் வயலிலே அதே குலத்து விலங்கு ஏர் இழுப்பதைப் பார்த்து அதன் அறிவை வியந்து நின்றார். இம்முரண்பாடு அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை.

அக்காலத்து ஆட்சியும் அதனை முரண்பாடாகக் கருதவில்லை. யானை பயிரழிக்கும் விலங்கு எனக் கொண்டு, கொல்லப்பட்ட ஒவ்வொரு யானைக்கும் சில சிலிங்குகளை அரசினர் வெகுமதியாக வழங்கினர். இலங்கை யானைகளுட் கொம்பன் மிக அரிதாகையால் தந்தத்துக்காகச் சுடவேண்டும் என்ற காரணமும் பெரும்பாலும் இல்லை. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றோஜர்ஸ் என்பவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயரெடுத்திருந்தார். குடியேற்ற நாட்டுச் செயலாளராய் இருந்த சேர் எமர்சன் தெனன்ற், 1859 இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்று நூலிலே தரும் கணக்கு நம் நெஞ்சைச் சுடுவது. 1848 க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்துள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் அழிக்கப்பட்டன. 1851 க்கும் 1856 க்கும் இடையே தென்மாகாணத்தில் மேலும் 2,000 மடிந்தன. நம் வன்னிக்காடுகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் மறக்கலாகாத எண்கள் இவை.

பேக்கர் தம் இலங்கை அனுபவங்களை இரண்டு நூல்களாக எழுதினார். றைபிளையும் வேட்டைநாயையும் பற்றிய முதல் நூல் 1854 இலும், எட்டாண்டு அலைவைப் பற்றிய இரண்டாம் நூல் 1855 இலும் வெளிவந்தன. அவற்றிலே வேட்டைக்காரனைக் கொலைகாரனிலிருந்து பிரித்துக்காட்ட அவர் பெரிதும் முயல்கின்றார். அப்பிரிவினைக்கு அவர் கண்ட அளவுகோல், எத்தனை விலங்குகள் இறந்தன என்பதன்று. எப்படி இறந்தன என்பதே.

ஆபிரிக்காவிற் பொய்த்த கணக்கு

உடல்நலங் குன்றியமையால் 1855 இல் பேக்கர் குடும்பத்தோடு இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டு முடிவதற்கு முன்பே, பிரான்சிய மலைநாட்டில் அவர் மனைவியார் காய்ச்சலால் இறந்தார். நான்கு புதல்வியரையும் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, பற்றுக்கோடின்றிச் சில ஆண்டுகள் அவர் அலைந்தார். 1859 இல் தன்யூப் நதிக்கரை நகராகிய விடின் என்னுமிடத்திலே, அடிமைச் சந்தையில் நின்ற புளோரன்ஸ் என்னும் இளம்பெண்ணை அவர் கண்டு மீட்டதாகக் கூறுவர். அங்கேரிக் கலகத்தில் வீடும் உறவும் இழந்த அப்பெண், அன்றுதொட்டு அவரை விட்டுப் பிரியவில்லை.

1861 ஆம் ஆண்டு இருவரும் நைல் நதிவழியே புறப்பட்டனர். முதலாண்டினை அபிசீனியாவிலிருந்து பாயும் கிளையாறுகளை ஆராய்வதிற் செலவிட்டனர். அங்கேதான் பேக்கரின் இலங்கைக் கணக்கு பொய்த்தது. இலங்கை யானையை நெற்றியிற் சுட்டு வீழ்த்திப் பழகிய அவர், ஆபிரிக்க யானையையும் அவ்வாறே சுட்டார். அது வீழவில்லை. அதன் நெற்றி குவிந்தது. மூளை தலையுள் மேலும் தாழ்வாய் அமைந்தது. பெருந்தந்தங்களின் வேர்கள் நடுவே தடுத்து நிற்கின்றன. ஒரே பெயருடைய இரண்டு விலங்குகளின் தலைகள் உள்ளமைப்பில் வேறுபட்டவை என்பதை அவர் இவ்வாறு கற்றார். தோல்வியை மறையாது நூலில் எழுதி, தோளுக்குப் பின்புறமாகச் சுடும் முறைக்குத் தம்மை மாற்றிக்கொண்டார். தாம் கற்றதைத் தாமே திருத்திக்கொள்ளும் இந்நேர்மை அவர் நூல்களின் சிறப்பாகும்.

குண்டையும் அவர் மாற்ற வேண்டியதாயிற்று. தூய ஈயம் யானையின் எலும்பிலே பட்டுப் பரந்துவிடும். அச்செழுத்து வார்க்கும் உலோகத்தைச் சேர்த்தால் கடினமாகும், ஆனால் நொறுங்கும். ஒன்பது பங்கு ஈயத்தோடு ஒரு பங்கு இரசத்தைக் கலப்பதே தக்கது என அவர் கண்டார். அதன் செய்முறையிலும் நுட்பம் உண்டு. ஈயத்தைத் தனியே உருக்கவேண்டும்; ஒரு முறை வார்ப்பதற்கு வேண்டிய அளவை மாத்திரம் அகப்பையில் எடுத்து, அதிலே இரசத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கி உடனே அச்சில் ஊற்றவேண்டும். முழுப் பாத்திரத்திலும் ஒருங்கே சேர்த்தால், வெப்பத்தால் இரசம் ஆவியாகிப் போய்விடும். இரசத்தின் ஆவி நஞ்சென்பதை நாம் இன்று நன்கறிவோம்.

இன்னும் பெரியதொரு குண்டையும் அவர் கொண்டு சென்றிருந்தார். இலண்டன் கொலண்ட் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட ஒற்றைக்குழல் துவக்கு அது. நிறை 20 இறாத்தல். அது வீசிய குண்டு அரை இறாத்தல் நிறையுடையது. உள்ளே வெடிமருந்து பொதிந்தது. விலங்கின் உடலுட் சென்று வெடிப்பது. பேக்கர் அதனைக் குழந்தை என்று செல்லமாக அழைத்தார். அராபியரோ பீரங்கியின் பிள்ளை என்றனர். அதன் பின்னுதைப்பு அவரையே சுழற்றிவிட்டது. அது பட்ட விலங்கு தப்பியதில்லை. ஆயினும் அவர் அதனை மிகச் சில தடவைகளே சுட்டார். சுடுபவனை அஞ்சச் செய்யும் துவக்குக் குறி தவறும் என்பதை அவர் தம் தோளாலேயே உணர்ந்தார். குண்டின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு; அவ்வெல்லையை வகுப்பது விலங்கின் உடலன்று, மனிதனின் தோளே.

இவ்வளவு ஈயத்தோடும் மருந்தோடும் சென்றவர், குண்டே இல்லாத வேட்டைக்காரரையும் அங்கே கண்டார். அமரான் அராபியருள் வாள்வேட்டைக்காரர் என ஒரு கூட்டத்தார் இருந்தனர். ஒருவன் குதிரைமேல் யானையின் முன்னே ஓடி அதன் சினத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்வான். மற்றொருவன் பின்னே விரைந்து வந்து, குதிரையிலிருந்து குதித்து, நீண்ட வாளால் யானையின் பின்னங்கால் நரம்பை ஒரே வீச்சில் வெட்டுவான். அவருள் ஒரு கை சூம்பிய றோதுர் செரிப் என்பவனே முன்னே ஓடி யானையை இழுப்பதில் வல்லவன். களிற்றை எதிர்த்து நிற்பதை வீரத்தின் எல்லையாகப் பாடிய பழந்தமிழ்ப் புலவர் அவனைக் கண்டிருப்பின் நன்கு போற்றியிருப்பர். பேக்கரும் போற்றினார். தம் துவக்குகள் அனைத்தும் அவ்வாளின் முன்னே நாணத்தக்கவை என்னும் உணர்வு அவர் எழுத்திலே தெரிகின்றது.

தந்தமும் அடிமையும்

1863 பெப்புருவரியில் கொண்டொகோறோ என்னுமிடத்திலே, விக்டோறியா ஏரியிலிருந்து மீண்டுவந்த இசுப்பீக், கிரான்ற் என்போரைப் பேக்கர் சந்தித்தார். நைலுக்கு மற்றுமோர் ஏரி உண்டெனக் கேள்வியுற்று, புளோரன்ஸோடு தெற்கே நடந்தார். நோய், பட்டினி, ஆட்களின் கலகம் யாவற்றையும் கடந்து, 1864 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14 ஆந் திகதி அவ்வேரியைக் கண்டு அதற்கு அல்பேட் எனப் பெயரிட்டார். அரச புவியியற் கழகத்தின் பொற்பதக்கமும், 1866 இல் சேர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1865 இல் இங்கிலாந்து மீண்டதும் புளோரன்ஸை முறைப்படி மணந்துகொண்டார்.

அப்பயணத்திலே அவர் கண்ட மற்றொன்று ஏரியினும் முக்கியமானது. வெள்ளை நைல் நாட்டில் யானைத்தந்த வாணிகம் என்பது பெரும்பாலும் பெயரளவிலேயே வாணிகம். துவக்கேந்திய கூட்டத்தார் ஊர்களைச் சூறையாடி, மாடுகளைக் கவர்ந்து, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைப்பிடித்து, அவற்றையும் அவர்களையும் விலையாகக் கொடுத்தே தந்தத்தைப் பெற்றனர். ஒரு சந்தையின் அடிமைத்தனத்தைத் தம் இல்லத்தினுள்ளேயே அறிந்திருந்த பேக்கருக்கு இது வெறுஞ் செய்தியன்று. 1869 இல் எகிப்து அரசர் இசுமாயில் அவரை நான்காண்டுகளுக்கு அத்தென்னாட்டின் ஆளுநராக அமர்த்தி, அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பணித்தார். அவர் அதனைத் துணிவோடு செய்தார். ஆயின் அப்பணி எகிப்தின் ஆட்சியை விரிக்கும் பணியாகவும் இருந்தது. 1872 இல் மசிண்டி என்னும் ஊரிலே புனியோரோ மக்களோடு போர் மூண்டது. சினைடர் துவக்குகள் மனிதர்மேல் நீண்டன, ஊர் எரிந்தது. விலங்கின் உடலிற் குண்டு செய்வதை ஆராய்ந்து எழுதிய எழுதுகோல், அக்குண்டு மனிதரின் நாட்டிற் செய்ததை ஒழுங்கு நாட்டும் செயலாகவே எழுதிச் சென்றது. புனியோரோ மக்களின் நினைவிலே அது வேறாகவே நின்றது.

ஐம்பதாண்டு வினாவுக்கு விடை

1874 இல் டெவன்சயர்ப் பகுதியில் ஒரு மாளிகையை வாங்கி அமர்ந்த பேக்கர், அதன்பின்னும் இந்தியாவிற் புலியையும், அமெரிக்க மலைகளிற் கரடியையும் தேடிச் சென்றார். அப்போது துவக்குலகம் மாறிவிட்டது. எக்ஸ்பிறஸ் எனப்பட்ட புதுவகைத் துவக்குகள் வழக்குக்கு வந்திருந்தன. இலேசான குண்டு, மிகுந்த மருந்து, பெருவேகம். குண்டின் நுனியிலே ஒரு துளை இருக்கும். அது விலங்கின் உடலிற் பட்டதும் சிதறிப் பல துண்டுகளாகும். மானை அது மின்னல்போல வீழ்த்தியது. ஆகவே எல்லா விலங்குக்கும் அதுவே ஏற்றது எனப் பலர் நம்பினர்.

பேக்கர் நம்பவில்லை. 1890 இல் வெளியிட்ட காட்டு விலங்குகளைப் பற்றிய நூலின் தொடக்கத்திலேயே அக்குண்டுமீது அவர் வழக்குத் தொடுக்கின்றார். துளைக்குண்டு புலியின் தோளெலும்பிலே, எருமையின் தசையிலே, மேற்புறத்திலேயே சிதறி நின்றுவிடும், உயிர்நிலையை எட்டாது, பெருங்காயம் உண்டாகும், மரணம் உண்டாகாது. அவ்விலங்கு ஓடிவிடும், அல்லது திரும்பி வந்து, அதனைத் தேடிச் செல்லும் ஏழைத் தடங்காணியைக் கொல்லும். இதற்கு அவர் கூறிய மாற்று எளியது. புலி, சிங்கம், மரை போன்ற மென்தோல் விலங்குகளுக்குத் துளையில்லாத தூய ஈயக் குண்டு வேண்டும். அது சிதறாது காளான்போல விரியும். உடலை ஊடறுத்து, மறுபுறத் தோலின் அடியிலே முழுதாய்த் தங்கிவிடும். குண்டு கொண்டுசென்ற வலிமை முழுவதும் விலங்கின் உள்ளேயே செலவாகும். ஒரு பகுதியும் வெளியே வீணாகாது. யானை, எருமை, நீர்யானை போன்ற வன்தோல் விலங்குகளுக்கோ உருமாறாத கடினக் குண்டு வேண்டும்; எலும்பைத் துளைத்து நேரே சென்று உயிர்நிலையைத் தொடவேண்டும். பெருவிலங்குகளுக்குப் பொதுவாக அவர் பரிந்துரைத்தது 577 எண் றைபிள். அதற்கு 6 டிராம் மருந்து, 648 கிரெயின் நிறையுள்ள குண்டு. நம் நிறையில் ஏறக்குறைய ஒன்றரை அவுன்சு. யானைக்கு இதனினும் பருத்த குழலையே அவர் விரும்பினார்.

அந்நூல் வெளிவந்த சில ஆண்டுகளுள் புகையில்லா வெடிமருந்து பரவி, குண்டின் வேகம் மிகக் கூடியது. ஈயத்தைச் செம்பாலும் நிக்கலாலும் போர்த்தும் வழக்கம் வந்தது. பேக்கரின் பெரிய துவக்குகள் காட்சிச்சாலைப் பொருள்களாயின. 1880 இற் பிறந்த பெல் என்னும் இசுக்கொத்துலாந்தர், கால் அங்குலத்திலும் சிறிதே பருத்த மெல்லிய கடினக் குண்டுகளால், குறி ஒன்றையே துணையாகக் கொண்டு, ஆபிரிக்காவில் ஆயிரம் யானைகளுக்கு மேல் வீழ்த்தி, பருமன்பற்றிய பழங்கொள்கையை உடைத்தார். ஆனால் பேக்கர் வகுத்த அடிப்படைப் பிரிவு உடையவில்லை. மென்தோலுக்கு விரியும் குண்டு, வன்தோலுக்கு உருமாறாக் குண்டு என்னும் விதியை இன்றும் பெருவிலங்கு வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளிற் கைக்கொள்கின்றனர். பெல்லும் அவ்விதிக்குள்ளேயே நின்றவர்.

எஞ்சிய வினா

1893 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 30 ஆந் திகதி, தம் எழுபத்திரண்டாம் வயதிலே, பேக்கர் தம் இல்லத்திற் காலமானார். புளோரன்ஸ் அம்மையார் 1916 வரை வாழ்ந்தார்.

ஐம்பதாண்டு உழைப்பால் ஒரு வினாவுக்கு விடைகண்டவர் பேக்கர். கொல்வதாயின் உடனே கொல்; நோவச் செய்து விடாதே என்பதே அவ்விடையின் சாரம். அதிலே உண்மையான இரக்கம் உண்டு. அதனை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆயின் அவ்வினாவுக்கு முன்னே நிற்கும் வினாவை, கொல்லத்தான் வேண்டுமா என்பதை, அவர் போதிய அளவு கேட்கவில்லை. உணவுக்காக நீர்யானையைச் சுட்டு அற்பராக் கரைமக்களுக்குப் பகிர்ந்தபோது அதற்கு விடை இருந்தது. உண்ணவும் தந்தமெடுக்கவும் பயன்படாத இலங்கை யானைகளை ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்த்தியபோது அதற்கு விடை இருக்கவில்லை. திறமை, தன்னைத்தானே நியாயப்படுத்தும் இயல்புடையது. நன்றாகச் செய்யப்படும் ஒரு செயல், செய்யத்தக்க செயலே என்று நமக்குத் தோன்றிவிடுகின்றது. ஆசிரியரும் மாணவரும் பேக்கரின் வாழ்விலிருந்து கற்கவேண்டிய பாடம் இதுவெனலாம்.

அவர் விட்ட இடத்திலிருந்து நாடு நெடுந்தூரம் நடந்து வந்துள்ளது. 1937 இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 2011 இல் எடுத்த கணக்கிலே 5,879 யானைகள் இலங்கையில் எண்ணப்பட்டன. தெனன்ற் கூறிய இரு மாகாணங்களின் அழிவுக் கணக்கைக் கூட்டினால், ஏறக்குறைய இத்தொகையே வருகின்றது. மற்றொரு பக்கம், யானை வாராது காக்க இரவெல்லாம் விழித்திருந்து, விதைத்ததையும் சில வேளைகளில் உயிரையுமே இழக்கும் கமக்காரனின் துயரும் பொய்யன்று. அத்துயரின் நடுவே, கட்டுத்துவக்கின் சிறுசன்னங்களும், உணவுள் மறைத்துவைக்கும் வெடிகளும் யானைகளின் உடலிலே ஆறாப் புண்களாகிச் சீழ்கொள்கின்றன. காலை இழுத்து இழுத்துக் குளக்கரையிலே நின்று மெலிந்து சாகும் யானைகளின் செய்தி நம் காதுக்கு எட்டாத ஆண்டில்லை. பேக்கர் எந்தக் காயத்தை வெறுத்தாரோ, அந்தக் காயமே அது.

அடுத்த முறை பேக்கர் நீர்வீழ்ச்சியின் முன்னே நிற்கும் மாணவர், அப்பெயரை வைத்தவரின் துணிவை நினைவுகூர்வதோடு, அவர் கேட்ட வினாவையும் கேளாது விட்ட வினாவையும் சேர்த்தே நினைவுகூர்வாராக.